முப்பத்தாறாம் கேள்வி

படகோட்டும் அட்டைக்குச் சோதனை எழுதியபோது
முப்பத்தாறாம் கேள்விக்குப் பிழைவிட்டேன்:
இரவில், உன் எதிரே,
சிவப்பும் பச்சையும் ஒன்றாய்த் தெரிந்தால்
என்ன பொருள்?
வடிவு என்றொரு விடை
அங்கே இருக்கவில்லை.

ஆகஸ்ட் நடுப்பகுதி. பால்சம் ஏரி.
கோபோகொங்க் கடையில் ஐஸ் மூட்டை வாங்கிவந்தவர்கள்
கொட்டேஜ் முற்றத்தில் இறைச்சி வாட்டியபடி
வட்டிவீதம் கதைக்கத் தொடங்க
நானும் மச்சாள் ஜெயரூபியும் எழும்பினோம்.
மூன்று குடும்பம் காசு போட்டு வாங்கிய
பதினாறடி அலுமினியப் படகு.
பழுதானால் இஞ்சின் யாருடையது என்பது
இன்னும் தீர்மானமில்லை.

கரையை விட்டதும் காற்று
நனைந்த துவாய்போல் கழுத்தில் விழுந்தது.
தண்ணீர்தான் இன்னும் பகலில் இருந்தது.
கையைத் தொங்கவிட்டேன்.
யாரோ பாதியில் விட்டுப்போன
தேத்தண்ணிச் சூடு.

முனையில் சிவப்பும் பச்சையும்,
பின்னால் கம்பத்தில் வெள்ளை.
அந்த வெள்ளைதான் தொல்லை.
அது எரியும்வரை வானத்தில்
பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு மேல் இல்லை.
"லைற்றை நூத்துவிடன் கொஞ்சம்" என்றாள் மச்சாள்.
நூத்தேன்.
இஞ்சினையும் நிறுத்தினேன்.

பிறகு வந்தது வானம்.
தலைக்கு மேலே, படகின் விளிம்புக்குக் கீழே,
துடுப்பு நுனியில் சொட்டும் நீரிலும்.
ஏரி எங்கே முடிகிறதென்ற கணக்கு
கண்ணுக்குத் தப்பிற்று.
வெள்ளி எரிந்து விழ விழ மச்சாள் எண்ணினாள்:
ஒன்று. மூன்று.
"இரண்டை நீ பாக்கேல்லை."
எங்கோ ஒரு லூன் பறவை
யாரையோ கூப்பிட்டு,
வேண்டாம் என்று விட்டுவிட்டது.

ஐம்பத்திரண்டு வயதில்
எவர் கண்ணிலும் படாமலிருப்பது
இவ்வளவு சுகமென்று
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.
இரவுப் பணியின் அழைப்புமணி இல்லை.
மருமகளின் மௌனம் இல்லை.
நான் இருக்கிறேன் என்பதற்கு
நான் மட்டுமே சாட்சி.

அப்போது தீவின் முனையில்
ஒரு சிவப்பு.
கரையோர வீடாயிருக்கும் என்றேன்.
கிட்டத்துச் சின்ன விளக்கோ
எட்டத்துப் பெரிய விளக்கோ,
இருட்டுக்கு அளவுகோல் இல்லை.
அதன் பக்கத்தில் ஒரு பச்சை முளைத்தது.
இரண்டும் இடமோ வலமோ நகரவில்லை.
இடைவெளி மட்டும்
மெல்ல மெல்ல அகன்றது.

"வடிவாக் கிடக்கு" என்றாள் மச்சாள்.

என் கை சுவிட்சைத் தவிர
மற்ற எல்லாவற்றையும் தொட்டது:
மீன்பெட்டி, தண்ணீர்ப் போத்தல்,
மச்சாளின் முழங்கால்.
மிதவைச் சட்டையில் கட்டியிருந்த விசிலை
வாயில் வைத்தேன். காற்று வரவில்லை.
எனக்குள்ளே இருந்தால்தானே.

அவளோ போனை எடுத்து
வெளிச்சத்தைத் தன் முகத்திலேயே பிடித்தாள்.
ஏரி நடுவில்
உடம்பில்லாத ஒரு முகம்,
வாய் திறந்தபடி.

எதிரே யாரோ அலறினார்கள்.
பச்சை மறைந்தது.
சிவப்பு மட்டும் எங்களை உரசாத குறையாய்
பாட்டும் பியர் மணமுமாய்ச் சரிந்து போயிற்று.
பின்னால் வந்த அலை
எங்களைத் தூக்கி,
கொஞ்சம் யோசித்து,
இறக்கிவிட்டது.

விளக்கைப் போட்டேன். சுவிட்ச்
எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது.
பூச்சிகள் வந்தன.
வெள்ளிகள் பழையபடி பத்துப் பன்னிரண்டு.

திரும்பும்போது
கரையில் எல்லா விளக்கும் ஒன்றுபோல்.
கருகிய இறைச்சி மணத்தைப் பிடித்துத்தான்
எங்கள் துறையைக் கண்டுபிடித்தோம்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்கள்.
"ஏழு வெள்ளி விழுந்தது" என்றாள் மச்சாள்,
தட்டை நீட்டியபடி.

நான் குனிந்து கயிற்றைக் கட்டினேன்.
இரண்டு முடிச்சுப் போதும்.
ஐந்து போட்டேன்.